சன்னலுக்குக் கீழே மல்லி

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். உளவு வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மெய்ப்புத் திருத்துபவர், விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடிப் பிடித்துச் செருகுவதில் இருபத்தாறு வருடத் தேர்ச்சி. யாராவது 'மருந்து கடை' என்று தட்டச்சு செய்து கொண்டுவந்துவிட்டால் போதும், சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'க்' போட்டுவிட்டு, "இந்தக் கடையில மருந்து வாங்குனா நோய் தீராதுப்பா" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவர் சொன்னது நகைச்சுவை இல்லை.

அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கத்தில் இதுவரை ஒரு பிழையும் அச்சேறியதில்லை என்பது முதலாவது. யாரிடமும் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை என்பது இரண்டாவது. கேட்பது தெரியாதவன் வேலை என்பது அவர் கட்சி. இந்த இரண்டாவது பெருமைதான் அவரைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்தது.

கொல்லைப்புறம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். துணி துவைக்கும் உடைந்த இயந்திரம் ஒன்று, எந்த அறையிலிருந்து கழன்றது என்று யாருக்கும் நினைவில்லாத கதவு ஒன்று, பூவும் இல்லாமல் முழுசாகத் தொட்டியும் இல்லாமல் மூன்று பூந்தொட்டிகள், சமையலறைத் தண்ணீர் போக வழி தெரியாமல் தேங்கி நிற்கும் ஒரு குட்டை. கொசுக்களைப் பொறுத்தவரை அது நந்தவனம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில், அவர் மனைவி சமையலறைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இதுக்குக் கீழே மல்லி போடணும்" என்றாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பார்ப்பதாலோ என்னவோ, வீட்டில் வாயை அளவாகத்தான் திறப்பாள். அந்த நான்கு சொல்லுக்கு மேல் ஐந்தாவது சொல் வரவில்லை.

"செஞ்சிடலாம்" என்றார் ஒற்றர்.

சொன்ன அந்த நிமிடமே அவர் மனத்தில் கொடி ஏறிவிட்டது. மல்லிகை சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே போகிறது. சாயங்காலம் மொட்டு அவிழ்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவி தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்து, கண்ணை மூடி, பிறகு திறந்து, திரும்பிப் பார்க்கிறாள். அங்கே தற்செயலாக நிற்பதுபோல் அவர் நிற்கிறார். கற்பனை அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால், அதைச் செயலில் இறக்கிக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சன்னலுக்குக் கீழே சிமென்ட் பாளம் வேறு கிடந்தது. அதை உடைக்க வேண்டும், கொடிக்குப் பந்தல் கட்ட வேண்டும், மண் கொட்ட வேண்டும். அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று பதினோரு வருடம் ஓடியது. ஆனாலும் அந்த ஆறடி இடம் அவர் வாக்குக் கொடுத்த இடம். வாக்கைக் காப்பாற்றாதவனுக்கும் வாக்கின்மேல் ஒரு பாத்தியதை இருக்கத்தானே செய்கிறது?

இந்த நிலையில்தான் ஒரு நாள் மனைவி சொன்னாள்: "அடுத்த வாரம் லீவு போடுங்க. தங்கச்சியும் அவரும் வர்றாங்க. கொல்லையைச் சரி பண்ணிடலாம்."

"நம்ம வீட்டுக் கொல்லையை அவர் எதுக்குச் சரி பண்ணணும்?"

"நீங்க பண்ணாததால."

சகலை ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மாடி மாடியாக ஏற்றி இறக்குவதற்கு வழி செய்பவர். ஒற்றரை மட்டும், பாவம், தனக்கே தெரியாமல் ஒவ்வொரு சந்திப்பிலும் இறக்கிக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாடியில் கைக்குட்டை அளவு பால்கனியில் சுரைக்காய் காய்க்க வைத்தவர். "அவருக்குக் கைராசி. காஞ்ச குச்சியை நட்டாலும் துளிர்க்கும்" என்று மாமனார் வீட்டில் பேச்சு. அந்த வீட்டில் ஒற்றரைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு: "மூத்த மாப்பிள்ளை நல்லாப் படிச்சவர்." இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் எது பாராட்டு, எது ஆறுதல் என்று தெரிந்துவிடும்.

ஆனால் சகலையிடம் ஒரு குறை இருந்தது. அதை ஒற்றர் பொக்கிஷம்போல் பாதுகாத்து வந்தார். சகலை எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். எந்த ஆணி, எந்தப் பக்கம், எந்த அளவு, எந்த டம்ளர் என்னுது. ஒற்றர் மனத்துக்குள் அவருக்கு 'எந்த மாப்பிள்ளை' என்று பட்டம் கொடுத்திருந்தார்.

இதெல்லாம் பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். ஒற்றர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அகராதியில் அதற்கு நியாய உணர்வு என்று பெயர்.

திங்கட்கிழமை காலையில் சகலை வண்டியிலிருந்து இறங்கினார்; கடப்பாரை, மண்வெட்டி, டிரில், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு சுருள் எல்லாம் இறங்கின. கடைசியாகக் கொழுந்தியா இறங்கி, "அத்தான், இந்தத் தடவை உங்க கையில மண் ஒட்டாம விட மாட்டோம்" என்றாள். ஒற்றர் புன்னகை செய்தார். அதற்குள் அவர் மகள் ஓடிவந்து சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பதினொரு வயதுப் பெண். அப்பாவின் கழுத்தைக் கடைசியாகக் கட்டிக்கொண்டது எப்போது என்று யோசித்துப் பார்த்ததில், ஒன்பது வயதில், ஒரு கரப்பான்பூச்சியை முன்னிட்டு, என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

கரப்பான்பூச்சியாவது பரவாயில்லை. மூன்று வருடமாக அவர் பால் ஊற்றியும் கிட்டே வராத மதில்மேல் பூனை, பத்து மணிக்குள் இறங்கி வந்து சகலையின் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது.

"இது யாருக்கிட்டயும் வராதே!" என்று மனைவி வியந்தாள்.

"எந்தப் பால் குடிக்கும் இது?" என்று கேட்டார் சகலை.

"நீங்களே குடுத்துப் பாருங்க" என்றார் ஒற்றர். பூனையோடு அவருக்கு அன்றோடு உறவு முறிந்தது.

குப்பையை அள்ளும்போது, கொல்லை மூலைக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த பழைய மெய்ப்புத் தாள் கட்டுகள் வெளியே வந்தன. வருடக்கணக்கான சிவப்பு மைத் திருத்தங்கள். சகலை ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சகலை, பாத்திக்கு அடியில காகிதம் விரிச்சா களை வராது. இதுல எது வேணும், எது வேணாம்?"

'எல்லாமே வேண்டும்' என்று சொல்லியிருந்தால் சகலை பவ்யமாகத் திருப்பி வைத்திருப்பார். ஆனால் அப்போது மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் எடுத்துக்குங்க. எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்று பெருந்தன்மை காட்டினார் ஒற்றர். அன்று மாலைக்குள் தக்காளிப் பாத்திக்கு அடியில் அவருடைய நான்காயிரம் ஒற்றுகள் அடக்கமாயின.

செவ்வாய்க்கிழமை குட்டை போயிற்று. சகலை பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை மகளிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, நிலத்தின் வாட்டம் பார்த்தார். "தண்ணி பொய் சொல்லாதும்மா. உன் பக்கம் எந்தக் கோட்டுல நிக்குது?" என்று அவர் கேட்க, அவள் குனிந்து பார்த்து, "ஒரு விரல் கீழே சித்தப்பா!" என்று கத்தினாள். ஒற்றர் கோடைவிடுமுறை முழுக்க அவளுக்குச் சந்தி இலக்கணம் சொல்லித்தர முயன்றபோது அவள் எப்போதாவது இப்படிக் கத்தியதுண்டா? "தோன்றல், திரிதல், கெடுதல்" என்று அவர் தொடங்கும்போதே அவள் தோன்றாமல் போய்விடுவாள்.

அன்று அவரும் வேலை செய்தார். செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. செங்கல் அடுக்கினார். வரிசையில் ஒரு கல் பிசகியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது, கைக்குத்தான் தப்பியது. சகலை அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் ஒற்றரைக் குத்தியது. பிழையைப் பார்த்தும் சும்மா இருப்பவன் ஒன்று அயோக்கியனாக இருக்க வேண்டும், இல்லை பெரிய மனுஷனாக இருக்க வேண்டும். சகலை எந்த வகை என்று முடிவு செய்ய ஒற்றருக்கு விருப்பமில்லை. முடிவு தெரிந்திருந்ததால்.

புதன்கிழமை ஒரே மழை. எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சீட்டாடினார்கள். சகலை ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றார். அதிலும் ஒற்றருக்கு நிம்மதியில்லை. தோற்கும்போதும் எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆளை எந்தத் தராசில் நிறுப்பது?

"உன் வீட்டுக்காரர் தோத்தாலும் மூஞ்சி மாறுறதில்ல" என்று மனைவி தங்கையிடம் சொன்னாள். "இவர் ஜெயிச்சாலும் மாறுது, பாரு."

வியாழக்கிழமை வெயில் வந்தது. சகலை சன்னலடிச் சிமென்ட் பாளத்தை உடைக்கத் தொடங்கினார். ஒற்றர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், சன்னலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். உடைபடுவது தன் இடம். வெளியே மனைவி தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். அவள் குரல் கேட்டது. பட்டப்பெயர் அன்றுதான் முழுப் பொருத்தம் பெற்றது, ஒற்றர் ஒட்டுக்கேட்டார்.

"தம்பி, இந்த இடத்துல மல்லி போடணும்னு எனக்கு ரொம்ப வருஷமா ஆசை."

தன் வீட்டுச் சாவியை மனைவி எடுத்து வேறொருவர் கையில் கொடுத்ததுபோல் இருந்தது அவருக்கு. நான்கு சொல். அவரிடம் அன்று சொன்ன அதே ஆசையோடு, "ரொம்ப வருஷமா" என்று கூட்டல் வேறு. அந்த வருடங்களை யார் கணக்கில் எழுதுகிறாள்?

சகலை வழக்கம்போல் "எந்த..." என்று ஆரம்பித்தார்.

இதற்குமேல் கேட்கப் பொறுக்காமல் ஒற்றர் சன்னலைப் படாரென்று சாத்தினார். "தூசி வருது!" என்று உள்ளிருந்தே கத்தினார்.

அடுத்த நாள் காலை, வெள்ளிக்கிழமை, அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது சகலையும் மகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு செய்தித்தாள். அதன்மேல் கொத்தமல்லி விதை. மகள் ஒரு கண்ணாடிப் புட்டியை அதன்மேல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் ஒற்றர்.

"மல்லி உடைக்கிறோம்பா. ஒவ்வொண்ணும் ரெண்டா உடைஞ்சாத்தான் நல்லா முளைக்குமாம். சித்தப்பா சொன்னாங்க."

"எங்க போடறதுக்கு?"

"சன்னலுக்குக் கீழே."

ஒற்றருக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. பிறகு அந்த மூச்சு, வாரத்தில் முதல்முறையாக, இனிமையாக வெளியே வந்தது. மல்லி! இந்த மனிதர் மல்லிகை என்றிருக்க வேண்டியதைக் கொத்தமல்லி என்று புரிந்துகொண்டுவிட்டார். கொடி ஏற வேண்டிய இடத்தில் கீரை. கைராசி இருந்து என்ன, காது இல்லையே. ஒரு சொல் சொன்னால் போதும், 'சகலை, அது இந்த மல்லி இல்லை' என்று, முடிந்தது விஷயம்.

அவர் சொல்லவில்லை.

இருபத்தாறு வருடத்தில் ஒரு பிழையைக் கண்ணால் கண்டும் திருத்தாமல் விட்டது இதுவே முதல் தடவை. கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டது. தொட்டுவிட்டுத் திரும்பியது. "நல்லா உடைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நேராக நாற்றுப்பண்ணைக்குப் போனார். அங்கே இருந்தவர், "எந்த ரகம் சார் வேணும்?" என்று கேட்டார். இங்கேயும் ஒரு 'எந்த' ஆசாமி. "இருக்கிறதுலயே வாசனை தூக்கலா இருக்கிறது" என்றார் ஒற்றர். மார்பளவு உயரத்தில், மொட்டு பிடித்த மல்லிகைச் செடி ஒன்று தொட்டியோடு வந்தது. யாரும் பார்க்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, படுக்கை அறையை ஒட்டிய சாமான் அறையில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அதை வெளியே எடுத்து, 'பதினோரு வருஷமா மனசுல வச்சிருந்தேன்' என்று சொல்ல வேண்டும். வாக்கியத்தை இரண்டு முறை திருத்தினார். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவிக்குத் தலைவலி வந்தது.

"வெயில்ல நின்னதுதான்" என்றாள் தங்கை.

"இல்லடி. என்னவோ ஒரு வாசனை. மண்டையைப் பிளக்குது."

ஒற்றர் ஓடிப்போய் மாத்திரை எடுத்துவந்து கொடுத்தார். தண்ணீரையும் அவரே ஊற்றிக் கொடுத்தார். "கதவெல்லாம் சாத்திட்டுப் படு, வெளிக்காத்து படாம" என்று அக்கறையாகச் சொல்லி, சாமான் அறைப் பக்கக் கதவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாத்தினார். சனிக்கிழமை காலையில் தலைவலி இரண்டு மடங்காகியிருந்தது. அவர் இன்னும் இரண்டு மடங்கு அன்பாக நடந்துகொண்டார்.

அன்று சகலை சன்னலடி மண்ணைப் பொடியாக்கி, கோடு கிழித்து, உடைத்த விதையைத் தூவினார். பாதியில் நிறுத்தி, "சகலை, நீங்களும் ஒரு பிடி போடுங்க. கைராசி பார்ப்போம்" என்று கையை நீட்டினார்.

ஒற்றருக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. தூக்குக்குப் போகிறவர் கையால் மிட்டாய் வாங்குவதுபோல் இருந்தது. ஒரு பிடி வாங்கி, தலைவர்கள் மரக்கன்று நடும் பாவனையில் போட்டார். பூனை பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு கொல்லையில். அதை இனிமேல் கொல்லை என்று சொல்வதே அவமரியாதை. குட்டை இருந்த இடத்தில் சரளைக்கல் பாதை. கழன்று கிடந்த கதவு, நான்கு கால் முளைத்து மேசையாகிவிட்டது. தக்காளி நாற்றுகள் வரிசையாக நின்றன. சகலை சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தட்டுகளை எடுத்து முடித்ததும் ஒற்றர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க."

உள்ளே போய், தொட்டியைத் தூக்கிக்கொண்டு, இலைகளுக்கு நடுவே முகம் தெரிய வெளியே வந்தார். இரண்டு நாளில் பாதி மொட்டு அவிழ்ந்திருந்தது. மனைவிக்கு முன்னால் வைத்தார்.

"பதினோரு வருஷமா மனசுல வச்சிருந்தேன்" என்றார்.

மனைவி இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இதுவா! ரெண்டு நாளா என் மண்டையைப் பொளந்தது இதுவா? எங்க வச்சிருந்தீங்க?"

"சாமான் ரூம்ல... நீ ஆசைப்பட்ட மல்லி..."

"நான் எப்போ ஆசைப்பட்டேன்? இந்த வாசனை எனக்குத் தலைவலின்னு கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னேனே!"

"சன்னலுக்குக் கீழே மல்லி போடணும்னு நீதானே..."

"ஆமா. போடணும்னு சொன்னேன். வைக்கணும்னு சொன்னேனா?"

ஒற்றர் வாயைத் திறந்தார். பல் மருத்துவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். விதை என்றால் போடுவது. செடி என்றால் வைப்பது. பள்ளிக்கூடம் போகாதவனுக்குக்கூடத் தெரியும். பதினோரு வருடம் அந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துப் பூசை செய்தவர், பெயர்ச்சொல்லைப் பார்த்துச் சொக்கிப்போய், வினைச்சொல்லைப் படிக்கவே இல்லை.

"சமையல் பண்ணும்போது கையை நீட்டி நாலு தழை கிள்ளிக்கலாமேன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. "அவ்வளவுதான். கொத்தமல்லி டப்பாவுல மல்லின்னு கொட்டையா எழுதி ஒட்டுனது யாரு? நீங்கதானே?"

கொழுந்தியா ஏற்கெனவே சிரித்துச் சிரித்துச் சரளைக்கல்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "அத்தான்... பதினோரு வருஷம்... ஒரு தடவை கேட்டிருக்கலாமே!"

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் ஒற்றர் பலவீனமாக.

"காதால கேட்டீங்க" என்றாள் மனைவி. "வாயால கேட்கலையே."

சிரிக்காமல் இருந்தவர் சகலை ஒருவர்தான். "விடுங்க, நானும் முதல்ல பூன்னுதான் நெனச்சேன் சகலை" என்றார். "அதான் எந்த மல்லின்னு அக்காகிட்ட கேட்டேன். சன்னல் சாத்திடுச்சு, உங்களுக்குக் காதுல விழுந்திருக்காது."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மல்லிகைச் செடி தங்கையின் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. அவளுக்கு அந்த வாசனை உயிர். ஒற்றரே அதை வண்டி வரைக்கும் சுமந்துகொண்டு போய், பின்னிருக்கையில் வைத்து, சாயாமல் இருக்கச் சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார். ஆசை ஆசையாய் வாங்கியதைத் தன் கையாலேயே அந்தக் கைராசிக்காரரிடம் ஒப்படைக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. வண்டி கிளம்பும்போது சகலை தலையை வெளியே நீட்டி, "காலையில ஒரு தெளி, சாயங்காலம் ஒரு தெளி. எட்டு நாள்ல வரணும். வேற யாரையும் விடாதீங்க சகலை, நீங்களே ஊத்துங்க" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க ஒற்றர் அச்சகத்துக்குப் போவதற்கு முன்னாலும் போய்வந்த பின்னாலும் சன்னலடியில் குந்தினார். எழுத்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மண்ணை வரி வரியாகப் படித்தார். முளைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவள் பதினோரு வருடம் காத்திருக்கிறாள். முளைக்கக் கூடாது என்றும் ஆசை. காய்ந்த குச்சி ஒருமுறையாவது காய்ந்த குச்சியாகவே கிடக்கட்டுமே. காலைத் தண்ணீரை முதல் ஆசைக்கு ஊற்றினார். மாலையில் இரண்டாவது ஆசை தடுத்துப் பார்க்கும், ஆனாலும் ஊற்றிவிடுவார். சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் கெட்டது என்று பெயர் வந்தால், அதுவும் அவர் தலையில்தானே விடியும்?

புதன், வியாழன், வெள்ளி. ஒன்றும் இல்லை. மனைவி சன்னல் வழியாக ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்தாள், கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும், "வராதோ?" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் அவருடைய இரண்டாவது ஆசை செத்துப்போயிற்று. ஆச்சரியமாக, அதற்காக அவர் துக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியே தேவைப்படவில்லை. மண்ணைக் கீறிக்கொண்டு, முதுகு வளைந்து, நாலைந்து இடத்தில் வெளுத்த பச்சை. சில இன்னும் தலையில் விதைத்தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டிருந்தன. ஒற்றர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். எண்ணினார். ஒன்பது. பின்னால் சன்னல் திறந்திருந்தது; மனைவி உள்ளே அடுப்பருகில் இருந்தாள். கூப்பிட வாயெடுத்தார்.

கைபேசி அடித்தது. சகலை.

"சகலை! உங்க செடி இங்க பூத்துக் கொட்டுது. மாடி ஏறும்போதே வாசனை. உங்க கொழுந்தியா தலைகால் புரியாம இருக்கா. அங்க எப்படி? முளைச்சுதா?"

ஒற்றர் ஒன்பது முளைகளையும் பார்த்தார். அங்கே மல்லிகை பூக்கிறது. இங்கே இதுவும் சகலையின் வெற்றியாக வேண்டுமா? ஒரு நாள். ஒரே ஒரு நாள் இது இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே.

"இன்னும் இல்ல" என்றார்.

"எட்டு நாளாச்சே. அப்போ விதையில கோளாறு. என் தப்புதான் சகலை, பழைய விதை, பார்த்து எடுத்திருக்கணும். நீங்க கவலைப்படாதீங்க, இன்னைக்கு லீவுதானே, புது விதை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பறோம். மேல் மண்ணைக் கிளறிட்டு மறுபடியும்..."

"கிளறவா? வேண்டாம்! வேண்டாம்! முளைச்சிருக்கு!"

"இப்பத்தானே இல்லைன்னீங்க?"

"அப்போ இல்ல."

"அப்போன்னா?"

"நீங்க கேட்டப்போ. இப்போ இருக்கு."

"பேசிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"ஆமா."

"எத்தனை?"

"ஒன்பது."

மறுமுனையில் சகலை யாரிடமோ திரும்பி, "ஏய், கேட்டியா? உன் அத்தான் பக்கத்துல நின்னாலே முளைக்குதாம்!" என்று சொன்னது கேட்டது. "சகலை, நான் சொன்னேன்ல? கைராசின்னா அது உங்களுக்குத்தான்."

பொய் சொன்னவருக்குப் பரிசு, அதுவும் கேலியே இல்லாமல், முழு மனத்தோடு. அந்த மனிதர்மேல் பொறாமைப்படுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஒற்றர் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினார். சன்னலில் மனைவி இரண்டு கையையும் கட்டையில் ஊன்றி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"முதல்ல என்னைக் கூப்பிடணும்னு தோணலையா?" என்றாள்.

"கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள உன் தம்பி."

அவள் குனிந்து மண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல எது அவர் போட்டது, எது நீங்க போட்டது?"

ஒற்றர் ஒவ்வொரு முளையாகப் பார்த்தார். தெரியவில்லை. கடைசி ஓரத்தில் கோணலாக, வரிசையை விட்டு விலகி, ஒன்றே ஒன்று தனியாக நின்றிருந்தது. அவர் அதைக் காட்டினார்.

"அது என்னுதுன்னு நெனைக்கிறேன்" என்றார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, "நீ என்ன நெனைக்கிறே?" என்று கேட்டார்.

"வரிசையில இல்லாதது உங்களுதுதான்" என்றாள் மனைவி. "முதல்ல அதைத்தான் கிள்ளுவேன்."